நான்கு காயில், ஒரு ஹெட்போன்: 1915-ஆம் ஆண்டு முறையில் உலோகம் தேடும் கருவி செய்வது எப்படி?

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-ல், மறுபடி உழ வேண்டிய வயல்களில் வெடிக்காமல் புதைந்து கிடந்த பீரங்கிக் குண்டுகளைத் தேட கமில் குட்டோன் என்ற பிரெஞ்சு இயற்பியலர் ஒரு கருவி அமைத்தார். அதன் அடிப்படை, 1879-ல் டேவிட் ஹியூஸ் என்ற விஞ்ஞானி செய்துகாட்டிய தூண்டல் சமநிலை (இரண்டு சுருள்களின் ஒலி ஒன்றையொன்று அடக்கும்படி வைப்பது). வரலாறு இவ்வளவு போதும்.

அந்த அடிப்படையில் கோத்தகிரிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து சில கருவிகள் கட்டியிருக்கிறேன். முதல் இரண்டும் வேலை செய்யவில்லை. வேலை செய்தவற்றையும் தேயிலைக் காட்டுக்கு எடுத்துப்போனதும் பாதிப் பேர் தடுமாறினார்கள். எங்கே தடுமாறினார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியது இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கற்பதற்கான கருவி. புதைந்த கவாத்துக் கத்தி, உடைந்த மண்வெட்டி, பழைய தண்ணீர்க் குழாய் தேடலாம். வெடிபொருள் இருக்கலாம் என்று சந்தேகம் வரும் நிலத்தில் இதை வைத்துக்கொண்டு கால் வைக்கக் கூடாது.

1. கருவி எதைக் கேட்கிறது?

நான்கு காயில். இரண்டில் நாம் ஒலி அதிர்வெண் மின்சாரம், அதாவது காதுக்குக் கேட்கும் வேகத்தில் அதிரும் மின்சாரம், விடுகிறோம். இவை முதன்மைச் சுருள்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு துணைச் சுருள். இரண்டு துணைச் சுருள்களையும் ஒன்றுக்கொன்று எதிராக இணைத்தால், இரண்டிலும் வரும் மின்னழுத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஹெட்போனில் ஒலி அடங்கிவிடும். ஒரு ஜோடியின் அருகே உலோகம் வந்தால் அந்தப் பக்கம் மட்டும் மாறும். அடங்கிய ஒலி திரும்ப எழும்.

ஆக, இந்தக் கருவிக்கு மௌனம்தான் முதல். மௌனம் சரியாக அமையாத கருவியில் இரும்பின் ஒலியும் கேட்காது. ஏற்கெனவே இரைகிற கடையில் ஒருவர் கிசுகிசுப்பது மாதிரி ஆகிவிடும். கீழே வரும் வரிசை முழுக்க அந்த மௌனத்தை உண்டாக்கவும் காப்பாற்றவும்தான். வரிசையை மாற்றாதீர்கள்.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

எனாமல் பூசிய செம்புக் கம்பி, 28 கேஜ் 150 கிராம், 34 கேஜ் 150 கிராம். மோட்டார் காயில் கட்டும் கடையில் எடை போட்டுத் தருவார்கள். சுற்றும்போது அறுந்தால் கைவசம் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகத்தான் சொல்லியிருக்கிறேன். அதே கடையில் இன்சுலேட்டிங் வார்னிஷும் ஒரு சின்ன டப்பா வாங்கிவிடுங்கள்.

ஒலி அதிர்வை உண்டாக்க 555 ஐசி ஒன்று, எல்.எம்.386 ஆம்ப்ளிஃபயர் ஐசி அல்லது அது பொருத்திய ரெடிமேட் போர்டு ஒன்று, 10 கே (கே என்றால் ஆயிரம் ஓம்) வால்யூம் கன்ட்ரோல், கம்பி வைத்த ஹெட்போன். ப்ளூடூத் வேண்டாம், ஒலி கொஞ்சம் பிந்தி வருவதால் இடம் தவறும். பெரிய பேனா பேட்டரி ஆறு ஆறாக இரண்டு செட். ரெசிஸ்டர், கெபாசிட்டர் மதிப்புகளை 5-ஆம் பகுதியில் சொல்கிறேன். மலையில் இவை எல்லாம் ஒரே கடையில் கிடைக்காது. கோயம்புத்தூர் போகிறவரிடம் எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

சட்டத்துக்கு மரச் சட்டம், பிளைவுட், பிவிசி குழாய், நைலான் போல்ட், மரப்பசை, நூல். ஆணி, திருகு, இரும்புக் கிளாம்ப் எதுவும் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தச்சரிடம் கொடுத்தால் பழக்கதோஷத்தில் ஒரு ஆணியாவது அடித்துவிடுவார். எங்களுக்கு அடித்தார், பிளைவுட்டுக்குள் மறைந்திருந்த அந்த ஒரு அங்குல ஆணியைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

3. காயில் சுற்றுதல்

சுமார் 20 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் பெயின்ட் வாளி ஒன்று எடுங்கள். அதன் மேல் ஒரு சுற்று பழைய காலண்டர் தாளைச் சுற்றுங்கள். தாள் இல்லாமல் சுற்றினால் முடித்தபின் காயில் கழன்று வராது. இழுத்தால் கம்பி கலையும்.

28 கேஜ் கம்பியில் 100 சுற்று, இரண்டு காயில். இவை முதன்மை. 34 கேஜ் கம்பியில் 200 சுற்று, இரண்டு காயில். இவை துணை. முதன்மைக் காயில் ஒன்றுக்கு ஏறத்தாழ 63 மீட்டர், துணைக்கு 126 மீட்டர் கம்பி போகும்.

ஒருவர் சுற்ற, இன்னொருவர் சத்தமாக எண்ண வேண்டும். பத்துக்கு ஒரு கோடு தாளில் போடுங்கள். ஜோடிக்கு ஜோடி எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் மௌனம் சுத்தமாக வரும். இரண்டொரு சுற்று வித்தியாசத்தைப் பிற்பாடு இடைவெளியில் சரிசெய்யலாம். பத்துப் பதினைந்து சுற்று தவறினால் சரிசெய்ய முடியாத ஒரு முனகல் கடைசிவரை நின்றுவிடும்.

சுற்றி முடித்ததும் எட்டு இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டி, வாளியிலிருந்து தாளோடு கழற்றுங்கள். வார்னிஷ் பூசுங்கள். சமவெளியில் ஒரு நாளில் காயும் வார்னிஷ் இங்கே மூடுபனிக் காலத்தில் மூன்று நாளும் பிசுபிசுக்கும். அடுப்படிச் சுவரில் மாட்டிவையுங்கள். காயாமல் டேப் சுற்றினால் உள்ளே சுற்றுகள் நழுவிக்கொண்டே இருக்கும். சுற்று நகர்ந்தால் சமநிலை நகரும்.

முனைகளில் எனாமலைச் சுரண்டாமல் சால்டர் வைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. ஈயம் ஒட்டியது போலத் தெரியும், மின்சாரம் போகாது. சுரண்டியபின் மல்டிமீட்டரில் பாருங்கள்: முதன்மை 10 ஓம் பக்கம், துணை 50 ஓம் பக்கம் காட்ட வேண்டும்.

4. சட்டம்

ஒன்றேகால் மீட்டர் நீளமுள்ள மரக்கோல் அல்லது தடித்த பிவிசி குழாய். அடியில் ஒரு பிளைவுட் தட்டு; அதில் ஒரு முதன்மையும் ஒரு துணையும் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் ஒரு செ.மீ. இடைவெளியோடு, அசையாமல் ஒட்டப்பட வேண்டும். இதுதான் தேடும் ஜோடி.

கோலின் மேல்முனையில் இன்னொரு ஜோடி. இங்கே முதன்மையை ஒட்டிவிடுங்கள். துணையை மட்டும் தனித் தட்டில் வைத்து, மூன்று நைலான் போல்ட்டில் மேலும் கீழும் நகரும்படி செய்யுங்கள். சமநிலையைத் திருத்தப் போவது இந்த இடைவெளியை வைத்துத்தான்.

இரண்டு ஜோடிக்கும் நடுவே ஒரு மீட்டராவது வேண்டும். கிட்டத்தில் இருந்தால் மண்ணில் கிடக்கும் இரும்பு இரண்டு ஜோடியையும் பாதிக்கும். இரண்டும் எதிரெதிர் என்பதால் பலன் குறைந்துபோகும்.

கீழிருந்து மேலே போகும் கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கி, கோலோடு சேர்த்து அடிக்கு நான்கு இடத்தில் கட்டுங்கள். தொங்கும் கம்பி ஆடினாலே ஹெட்போனில் ஒலி வரும். நடந்துபோகும்போது ஒவ்வொரு அடிக்கும் "இரும்பு, இரும்பு" என்று ஒரு பையன் கத்திக்கொண்டே போனான், ஆடியது கம்பி.

5. ஒலி கொடுக்கும் பெட்டி, கேட்கும் பெட்டி

பழைய கருவிகளில் மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்க மணி அடிக்கும் பஸ்ஸர் போன்ற அமைப்பு இருந்தது. நாங்களும் காலிங் பெல்லின் மணிக் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு முதலில் அப்படித்தான் செய்தோம். பார்க்க அழகு. ஆனால் அதன் இரைச்சலே காதில் விழுந்து ஹெட்போன் ஒலியை மூடிவிட்டது. வேகமும் நிலையாக நிற்கவில்லை. 555 ஐசிக்கு மாறியதில் எனக்கு வருத்தமில்லை.

555-ல் 4, 8-ஆம் கால்கள் பிளஸ்ஸுக்கு. 1-ஆம் கால் மைனஸுக்கு. 8-க்கும் 7-க்கும் நடுவே 1 கே ரெசிஸ்டர், 7-க்கும் 6-க்கும் நடுவே 8.2 கே ரெசிஸ்டர். 2-ஐயும் 6-ஐயும் சேர்த்து, அங்கிருந்து மைனஸுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இந்த மதிப்புகளில் நொடிக்கு 830 அதிர்வு வரும். 3-ஆம் காலிலிருந்து 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் (பிளஸ் பக்கம் ஐசியை நோக்கி), பிறகு 47 ஓம், பிறகு இரண்டு முதன்மைச் சுருளும் தொடராக, கடைசியில் மைனஸ். கெபாசிட்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் நேர்மின்சாரமும் சேர்ந்து ஓடிப் பேட்டரி சீக்கிரம் தீரும். 47 ஓம் ஐசியைச் சூடாகாமல் காக்கும்.

கேட்கும் பக்கம்: இரண்டு துணைச் சுருளும் தொடராக, எதிரெதிராக, அங்கிருந்து வால்யூம் கன்ட்ரோல், எல்.எம்.386, ஹெட்போன். எல்.எம்.386 சும்மா விட்டால் 20 மடங்கு பெருக்கும். 1, 8-ஆம் கால்களுக்கு நடுவே 10 மைக்ரோஃபாரட் போட்டால் 200 மடங்கு. முதலில் 20-லேயே இருங்கள்.

இரண்டு பெட்டிக்கும் தனித்தனி பேட்டரி. மைனஸைக்கூடச் சேர்க்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் ஒருவராவது "ஒரே பேட்டரி போதுமே" என்று சேர்த்துவிடுவார். ஒரு மாணவி ஒரு மதியம் முழுக்க நைலான் போல்ட்டைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஒலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. துணைச் சுருளின் கம்பியைக் கழற்றிவிட்டுக் கேட்கச் சொன்னேன். அப்போதும் அதே ஒலி. சுருளே இல்லாமல் ஒலி வருகிறதென்றால் அது பேட்டரி வழியாக வரும் கசிவு. பிரித்ததும் ஐந்து நிமிடத்தில் சமநிலை கிடைத்தது. திருகத் தொடங்கும் முன் இந்தக் கழற்றிப் பார்க்கும் சோதனையைச் செய்துவிடுங்கள்.

6. பாய் மேல் மௌனம்

இரும்பு மேஜை, ஸ்டீல் நாற்காலி இல்லாத இடம் வேண்டும். 1881-ல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே என்று கிரகாம் பெல் இதே தத்துவத்தில் தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்கள் ஒலியைக் கெடுத்தது ஒரு காரணம் என்பார்கள். உங்கள் வகுப்பறை பெஞ்சுக்கும் இரும்புக் கால் இருக்கும். தரையில் பாய் விரித்து வேலை செய்யுங்கள்.

முதலில் இணைப்புத் திசை. மேல் ஜோடியின் துணைத் தட்டை மெல்லத் தூக்குங்கள். சமநிலைக்கு அருகே இருக்கும்போது தூக்கினால் ஒலி கூட வேண்டும். எவ்வளவு தூக்கினாலும் ஒலி குறைந்துகொண்டே போனால் இரண்டு துணையும் ஒரே திசையில் சேர்ந்திருக்கின்றன. ஒன்றின் இரு முனைகளை மாற்றி இணையுங்கள்.

திசை சரியானதும் மூன்று போல்ட்டையும் சமமாகத் திருகி ஒலி மிகக் குறையும் புள்ளியைப் பிடியுங்கள். அதற்கப்புறம்தான் 200 மடங்குக்குப் போய் மறுபடி நுணுக்கமாகத் திருக வேண்டும். முழு மௌனம் வராது. தடித்த ஒலி அடங்கியபின் மெல்லிய, சில்வண்டு மாதிரியான ஒரு கீச்சு நிற்கும். 555 தருவது சதுர அலை; அதில் கலந்திருக்கும் உயர் அதிர்வெண்கள் எல்லாம் ஒரே புள்ளியில் அடங்குவதில்லை. அந்தக் கீச்சையும் அடக்குகிறேன் என்று மணிக்கணக்கில் உட்காராதீர்கள். தேடும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது தடித்த ஒலி திரும்புவதைத்தான்.

7. சோதனைப் பாத்தி

நேராகத் தேடப் போகாதீர்கள். தெரிந்த பொருளைத் தெரிந்த ஆழத்தில் புதைத்துக் காதைப் பழக்க வேண்டும். மூன்று மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்தி போதும். ஒரு ரூபாய்க் காசு, சோடா மூடி, கவாத்துக் கத்தி, மண்வெட்டித் தலை, ஒரு துண்டு செம்புக் குழாய். அரை மீட்டர் இடைவெளியில் புதைத்து, கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குழியை வெறுமனே தோண்டி மூடிவையுங்கள். மண் கிளறிய இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காதில் கேட்டதாகச் சொல்கிறவர் அதில் மாட்டுவார்.

எங்கள் கருவியில் காசு நான்கு விரல்கடை ஆழம்வரை கேட்டது. மண்வெட்டித் தலை ஒரு சாணுக்குச் சற்று மேல். அதற்கும் ஆழமாக எதிர்பார்க்காதீர்கள். சின்னப் பொருள் சுருளின் ஆரத்தைவிட ஆழத்துக்குப் போனபின், தூரம் இரட்டிப்பானால் அதன் ஒலி ஏறத்தாழ 64-ல் ஒரு பங்காகிவிடும். ஆம்ப்ளிஃபயரை ஏற்றி இதை ஈடுகட்ட முடியாது, இரைச்சலும் கூடவே ஏறும்.

8. மண்ணின் மேல் மீண்டும் சமநிலை

பாய் மேல் பிடித்த மௌனம் தேயிலைக் காட்டில் நிற்காது. நீலகிரியின் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு நிறைய. காய்ந்த மண்ணில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள், கருப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். மண்ணே கருவிக்கு இரும்பு போலத் தெரியும்.

எனவே தேடப்போகும் நிலத்திலேயே, தேடும் உயரத்திலேயே சமநிலை செய்ய வேண்டும். தட்டைத் தரையிலிருந்து மூன்று விரல்கடை உயரத்தில் பிடித்து, உலோகம் இல்லை என்று தெரிந்த இடத்தில் திருகுங்கள். அந்த உயரத்தை மாற்றாமல் நடக்க வேண்டும். தட்டு ஏறி இறங்கினாலே ஒலி வரும். சரிவான நிலத்தில் புதியவர்கள் கேட்கும் பொய் ஒலியில் பெரும்பகுதி இதுதான். கோலின் நுனியில் அந்த உயரத்துக்கு ஒரு நூலில் சின்ன மரக்கட்டையைத் தொங்கவிட்டால் கண் பார்த்துக்கொள்ளும்.

சாவிக்கொத்து, பெல்ட், வளையல், கொலுசு, செல்போன் எல்லாம் கழற்றிவைத்துவிட்டுத்தான் திருக வேண்டும். தோட்டத்தில் போடும் ரப்பர் கம்பூட்ஸ் நல்லது. ஷூவுக்குள் இருக்கும் இரும்புத் தகட்டின் தொல்லை அதில் இல்லை, அட்டைப்பூச்சியிடமிருந்தும் கொஞ்சம் பாதுகாப்பு.

காலை பனியில் ஒரு முறை, வெயில் ஏறியபின் ஒரு முறை, மஞ்சு இறங்கும்போது ஒரு முறை சரிபாருங்கள். மரச் சட்டம் ஈரத்தில் உப்பி இடைவெளியை மாற்றும். பிவிசி வெயிலில் நீளும்.

9. கயிறு கட்டி நடத்தல்

கண் போன போக்கில் வீசிக்கொண்டு போனால் பாதி நிலம் விட்டுப்போகும். இரண்டு கயிற்றை ஒரு மீட்டர் இடைவெளியில், மர முளைகளில் கட்டுங்கள். இரும்பு முளை அடித்துவிட்டு அதையே கண்டுபிடித்த கதைகள் என்னிடம் நிறைய. அந்தச் சந்துக்குள் இடமிருந்து வலம், வலமிருந்து இடம். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடவேண்டும். ஒரு வீச்சுக்கு மூன்று நான்கு நொடி. சந்து முடிந்தால் ஒரு கயிறு மட்டும் அடுத்த மீட்டருக்கு நகரும். தேயிலையில் வரிசைகளே சந்து போல இருப்பதால் வேலை எளிது. ஆனால் செடியின் தூரை ஒட்டிய இடம்தான் எப்போதும் விட்டுப்போகிறது. கத்தி தொலைவதும் அங்கேதான்.

தனியாகப் போகாதீர்கள். ஹெட்போன் மாட்டியவருக்குக் காது இல்லை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைக்குள் காட்டெருமை நிற்பது அன்றாடம்; கரடியும் உண்டு. ஒருவர் கேட்க, ஒருவர் சுற்றிலும் பார்க்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். அதற்கு மேல் காது இல்லாததையும் கேட்கும்.

10. ஒலி வந்த இடத்தைக் குறுக்குதல்

ஒலி எழுந்ததும் தோண்டத் தோன்றும். பொறுங்கள். முதலில் கிழக்கு மேற்காக வீசி, ஒலி உச்சமாகும் இடத்தில் ஒரு குச்சி. பிறகு அதே இடத்தில் வடக்கு தெற்காக வீசி இன்னொரு குச்சி. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் நடு. குழாய் என்றால் ஒரு திசையில் மட்டும் உச்சம் நீண்டுகொண்டே போகும்.

இரும்பா, செம்பா என்று ஓரளவு அறியவும் வழி உண்டு. தட்டை அந்த இடத்தின் மேலேயே வைத்துக்கொண்டு மேல் ஜோடியின் இடைவெளியைத் திருகுங்கள். இடைவெளியைக் குறைக்கும்போது ஒலி அடங்கினால் இரும்பாக இருக்கலாம்: இரும்பு கீழ் ஜோடியின் பிணைப்பை, அதாவது முதன்மையிலிருந்து துணைக்குப் போகும் தாக்கத்தை, கூட்டுகிறது, அதற்கு ஈடாக மேலேயும் கூட்ட வேண்டியிருக்கிறது. இடைவெளியைக் கூட்டும்போது அடங்கினால் செம்பு, பித்தளை, அலுமினியம். அவற்றில் ஓடும் சுழல் மின்னோட்டம் பிணைப்பைக் குறைக்கும். தட்டையான தகரம் இரண்டு பக்கமும் பொய் சொல்லும். இந்தச் சோதனையை நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள்.

11. எங்கே தேடக்கூடாது, எதைத் தொடக்கூடாது

வெலிங்டன் ராணுவப் பகுதி, துப்பாக்கிப் பயிற்சித் தளங்கள், அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையின் சுற்றுப்புறம், காப்புக்காடு: இங்கெல்லாம் கருவியோடு போகவே கூடாது. தோட்டத்தில் உரிமையாளரின் அனுமதி வேண்டும். பழைய காசோ நகையோ புதையலாகக் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மண் விலக்கும்போது உருளையாக, கூம்பு முனையோடு, துரு ஏறிய எதுவாவது தெரிந்தால் கை நிற்க வேண்டும். அசைக்காதீர்கள், மண்ணைத் தட்டிப் பார்க்காதீர்கள், போட்டோ எடுக்கக் கிட்டே குனியாதீர்கள். வந்த வழியே திரும்பி, தூரத்தில் அடையாளம் வைத்து, பிறரை விலக்கி, 112-க்குச் சொல்லுங்கள். பழைய வெடிபொருள் வெளியே துருப்பிடித்திருந்தால் உள்ளேயும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. 1914-18 போரின் குண்டுகள் பிரான்ஸ், பெல்ஜியம் வயல்களில் உழும்போது இன்றும் மேலே வருகின்றன, இன்றும் வெடிக்கக் கூடியவை.

மறுபக்கமும் உண்டு. ஒலி வராத நிலம் பாதுகாப்பான நிலம் என்று பொருளில்லை. இரண்டாம் உலகப் போரிலேயே ஜெர்மானியர்கள் மரப்பெட்டிக்குள் அடைத்த கண்ணிவெடிகளைப் புதைத்தார்கள், இந்த வகைக் கருவிகளுக்குத் தப்பவேண்டும் என்பதற்காகவே.

12. வேலை முடிந்தபின்

இரண்டு செட் பேட்டரியையும் கழற்றுங்கள். மூடுபனிக் காலத்தில் பேட்டரி உள்ளேயே கிடந்தால் முனைகளில் பச்சை பூத்துவிடும். தட்டில் ஒட்டிய மண்ணை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த செம்மண் அடுத்தமுறை சமநிலையைக் கெடுக்கும். கருவியைச் சுவரில் சாய்த்து வைத்தால் கோல் வளையும், படுக்கவைத்தால் யாராவது மிதிப்பார்கள். உத்திரத்தில் ஒரு கயிற்றில் தொங்கவிடுங்கள். மேல் ஜோடியின் கடைசி இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று கோலிலேயே பென்சிலால் எழுதிவையுங்கள், அடுத்தமுறை அங்கிருந்தே தொடங்கலாம்.